காற்றின் மேல் போட்ட பழி

கனிந்து தோல் கறுத்த நேந்திரம்பழத்தை இரும்புச் சல்லடையின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் என் சித்தி. ஓணம் முடிந்த மறுநாள் பகல். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்முற்றம். வீட்டின் முன்பகுதியில், நேந்திரங்காய் வறுவல் விற்கும் சித்தப்பாவின் உப்பேரிக் கடை. ஓணம் வரை ஓயாமல் கொதித்த எண்ணெய்ச் சட்டிகள் அன்றுதான் ஆறிக் கிடந்தன. வீட்டிலுள்ளவர்கள் கால் நீட்டிப் படுக்கக் கிடைத்த பகல் அது. சித்தி மட்டும் படுக்கவில்லை. அவர் வேலை செய்த ஆராய்ச்சி நிலையம் விடுமுறையில் இருந்தது. பழம் விடுமுறை பார்த்துப் பழுப்பதில்லை என்று சொல்லி, கூடை கூடையாகப் பழங்களை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சதை கூழாகிச் சல்லடைக்குக் கீழே வழிய, அவருடைய விரல் நுனிகள் மேலே தங்கும் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தன.

சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் அரிசியில கல்லு பொறுக்கும். நான் கெட்டிக்கிட்டு வந்தவ பழத்துல கல்லு பொறுக்குறா, கேட்டோ" என்றார் என்னிடம். சித்தி தலை நிமிரவில்லை. "கெடைச்சா மொதல்ல உங்களுக்குத்தான் தருவேன். கடிச்சுப் பாருங்க. பல்லு போனா கல்லு, போகலைன்னா பழம்" என்றார். கூழ் வீணாகவில்லை. சித்தப்பா அதை வெல்லம் போட்டுக் கிளறி அல்வாவாக்கிக் கடையில் வைப்பார். விஞ்ஞானத்தின் மிச்சத்தை விற்றுப் பிழைக்கும் ஒரே வியாபாரி தான்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

நாம் உண்ணும் வாழையில் விதை இல்லை, இல்லாததனால்தான் உண்கிறோம். கன்றைப் பெயர்த்து நட்டுநட்டே தலைமுறைகளாக அதை வளர்த்து வந்திருக்கிறோம். அதனாலேயே ஒரு நேந்திரனைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லா நேந்திரனையும் கொல்லத் தெரிந்துவிடுகிறது. அந்த நோயைத் தாங்கும் புதிய வாழை வேண்டுமென்றால், நோய் தாங்கும் ஒரு காட்டு வாழையின் மகரந்தத்தை விடியற்காலையில் ஏணி வைத்து ஏறி நேந்திரன் பூவில் தடவ வேண்டும். பிறகு குலை முற்றிக் கனியும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பழத்தையும் பிசைந்து, தப்பித்தவறி ஒரு விதை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. குலை குலையாக, கூடை கூடையாக, பருவம் பருவமாக இருக்காது. சித்தி வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்: இல்லை என்று தெரிந்த ஒன்றை இருக்கக்கூடும் என்று தேடுவது.

அன்று அது இருந்தது. சல்லடையின் ஓரத்தில், கூழுக்கு நடுவே, கறுப்பாக, கெட்டியாக. மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் கைவண்டிகள் சிந்திவிட்டுப் போகும் மிளகை மிதிக்காமல் நடக்க முடியாது. ஆகவே மிளகு என்றே நினைத்தேன். சித்தப்பாவும், "மொளகு விழுந்திருக்கும், எடுத்துக் கள" என்றார். சித்தி எடுத்துக் களையவில்லை. உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வெயிலுக்குக் காட்டினார். ஈரப் பஞ்சில் பொதிந்து சாப்பாட்டு டப்பாவில் வைத்தார். கூழ் காயாத கைகளோடு புடவையை மாற்றிக்கொண்டு பேருந்துக்குக் கிளம்பினார். "ஓணத்து மறுநாள் அங்க எவன் கதவு தொறந்து வெச்சிருப்பான்?" என்று சித்தப்பா கத்தினார். "சாவி எங்கிட்ட இருக்கு" என்ற பதில் தெருமுனையிலிருந்து வந்தது. அன்று அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை, அதன் பிறகு நான் ஏறிய எந்த மேடையின் எதிரிலும் நான் கண்டதில்லை.

சித்தி தேனிப் பக்கத்து வாழைத் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண். வேளாண்மையில் முனைவர் பட்டம் வரை படித்தவர். திருமணமாகிக் கொச்சிக்கு வந்தவர். நகருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், திட்டம் நீடிக்கும்வரை மட்டுமே நீடிக்கும் தற்காலிக விஞ்ஞானி வேலை அவருக்கு. அடக்கமானவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தன் வேலையைத் தன்னைவிட நன்றாகச் செய்ய அந்த வளாகத்தில் ஒருவரும் இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. அதை மறைக்க அவர் சிரமப்பட்டதும் இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் குணம் இருந்த இன்னொருத்தி நான். பள்ளிக் காலத்திலிருந்தே பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளோடு திரும்பியவள். மலையாள மேடையிலும் தமிழ் மேடையிலும் ஒரே நாளில் பேசிவிட்டு வருவேன். அந்தக் கோப்பைகளைப் பார்த்துச் சித்தி சொல்வார்: "பேசிப் பேசி ஒரு செடியாவது மொளைச்சிருக்காடி?" நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: "பேசாம எந்தச் செடி சித்தி சந்தைக்கு வந்திருக்கு?" இருவரும் சிரிப்போம். அந்தக் கேள்விக்கு எங்களுக்கு ஒருநாள் பதில் கிடைக்கும் என்று அன்று இருவருக்குமே தெரியாது.

அந்த விதையை மண்ணில் போட்டால் முளைக்காது. அதன் உள்ளே இருக்கும் கருவை நுண்ணோக்கியின் கீழ் கத்தி முனையால் பிரித்தெடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழ்மத்தில், கண்ணாடிக் குழாய்க்குள் வளர்க்க வேண்டும். நூலளவு கத்தி விலகினால் கரு போய்விடும். காற்றிலுள்ள ஒரு பூஞ்சைத் துகள் உள்ளே விழுந்தாலும் போய்விடும். ஏற்கெனவே கிடைத்திருந்த சில விதைகள் அப்படித்தான் போயிருந்தன. இது போகவில்லை. என்னை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டினார். செருப்பை வெளியே விட்டு, தலைக்கு உறை மாட்டி, கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்தேன். வெள்ளை விளக்குகளின் கீழே அடுக்கடுக்காகக் குழாய்கள். ஒன்றினுள் நகக்கண் அளவு பச்சை. அந்தப் பச்சையைப் பகுத்துப் பகுத்து அவர் பலவாக்கினார். வேர் விட வைத்தார். நிழல்வலையின் கீழே வெயிலுக்குப் பழக்கினார். கடைசியில் அவை நோய் மண்ணுக்குப் போயின.

நோய் மண் என்பது அவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கி வைத்திருந்த ஒரு துண்டு நிலம். வாடல் நோயில் செத்த வாழைகளைத் துண்டு துண்டாக வெட்டி அங்கே புதைத்திருந்தார்கள். நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் மருந்துநீர்த் தொட்டியில் கால் நனைக்க வேண்டும். அங்கே பயன்படும் கத்தி அங்கேயே இருக்க வேண்டும். ஒரு சருகுகூட வேலியைத் தாண்டக் கூடாது. அங்கே சித்தியின் வாழைகளை ஒரு வரிசையாகவும், இருபுறமும் சாதாரண நேந்திரனையும் நட்டிருந்தார்கள். முந்தைய பருவத்திலேயே அந்த வாழைகள் நோயில் மடியவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் மடியாமல் இருந்தால் மட்டும் போதாது. குலை முழுதாக முற்ற வேண்டும். வெட்டி எடைபோட வேண்டும். அவித்துத் தின்று பார்க்க வேண்டும். வறுத்துப் பார்க்க வேண்டும். "சீக்கு தாங்கும், சரி. என் எண்ணெயைத் தாங்குமா?" என்று சித்தப்பா கேட்டார். அந்தப் பருவத்துக் குலையில் முதல் சட்டி தன் கடையில்தான் போட வேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். பருவ முடிவில் மதிப்பாய்வுக் குழு கூடும். அது சரி என்றால் கன்றுகள் விவசாயிகளின் கைக்குப் போகும். இல்லையென்றால் திட்டம் முடிந்துவிடும். அதோடு சித்தியின் வேலையும் முடிந்துவிடும். எல்லாம் அந்த ஒரு வரிசையில் தொங்கிய பச்சைக் குலைகளில் இருந்தது.

அந்த வரிசையைச் சித்தியோடு சேர்ந்து வளர்த்தவர் தோட்டத்துச் சேட்டன். தினக்கூலி. நிரந்தரமாக்குவதற்கான பட்டியலில் பெயர் வந்து, உத்தரவுக்காகக் காத்திருந்தவர். இருபுறமும் நேந்திரன்கள் மஞ்சளாகி, இலைகள் மடிந்து தண்டோடு தொங்கி, அடிப்பகுதி வெடித்து நின்றபோது, நடுவிலிருந்த வரிசை மட்டும் கரும்பச்சையில் நின்றதைப் பார்த்துச் சித்தியைவிட அதிகம் கர்வப்பட்டவர் அவர்தான். "நம்மட வாழ" என்றுதான் சொல்வார். நம்முடைய வாழை.

அந்த ஆண்டு நிலையத்தில் திசு வளர்ப்புக்கென்று புதிய கட்டடம் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய விருந்தினர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. வரவேற்புரைக்கு இளம் பேச்சாளர் ஒருவர் வேண்டும் என்று இயக்குநர் விரும்ப, என்னை அழைத்தார்கள். சித்தி ஒரு கூட்டத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். விழா நாள் காலை ரயிலில் திரும்பி, நேராக விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் போய் இறங்கியபோது வாசலில் குலைவாழை கட்டிய வரவேற்பு வளைவு நின்றது. அப்படி ஒரு வளைவை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. இருபுறமும் வரிசையாக, கொழுத்த தண்டும் கரும்பச்சை இலையும் கனத்த குலையுமாக நின்றன வாழைகள். மேடையேறியதும் என் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது. இந்த நிலையத்தின் உழைப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்களை வரவேற்று நிற்கும் இந்த வாழைகளே சொல்லும் என்றேன். கைதட்டல் நீண்டது. விருந்தினரும் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். என் பேச்சு அன்று மிக நன்றாக அமைந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போதும் தயக்கமில்லை. நல்ல பேச்சு வேறு, நடந்தது வேறு.

கைதட்டல் ஓயும் முன்பே, வாசலில் பயணப் பையோடு நின்ற சித்தியைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. வளைவின் ஒரு தண்டில், முழங்கால் உயரத்தில், மஞ்சள் வண்ணத்தில் ஒரு பட்டை தீட்டியிருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நோய் மண்ணில் தன் வரிசையை அடையாளம் காண அவரே தீட்டிய பட்டை அது. அந்த வரிசை முழுவதும் வெட்டுப்பட்டு வளைவில் நின்றது. மேடையிலிருந்து இறங்கி நான் அவரிடம் போய்ச் சேர்ந்தபோது, தோட்டத்துச் சேட்டன் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

"எப்டி உண்டு டாக்டரே? வாசல்ல நம்மட வாழ தன்னெ நிக்கணும்னு ஞான் பறஞ்ஞு. நல்ல குல பார்த்து வைக்கான் சார் பறஞ்ஞு. வேற எதுக்கு இத்ர சந்தமுள்ள குல உண்டு?"

நல்ல குலையாகப் பார்த்து வைக்கச் சொன்னவர் இயக்குநர்; இவ்வளவு அழகான குலை வேறு எந்த வாழைக்கு உண்டு என்று இதைத் தேர்ந்தவர் சேட்டன். யார் வெட்டச் சொன்னது என்று சித்தி கேட்கவில்லை. ஏன் வெட்டினீர்கள் என்றும் கேட்கவில்லை. "எந்த வழியா கொண்டு வந்தீங்க சேட்டா?" என்றார்.

"எந்து வழி?"

"அங்கேருந்து இங்க. எந்த வழியா? கத்தி எங்க? கால் கழுவுனீங்களா?"

சேட்டனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "மண்ணுக்கல்லே டாக்டரே சீக்கு? நம்மட வாழக்குச் சீக்கில்லல்லோ. எல்லாரும் கண்டதல்லே?" என்றார். தன் வாழைக்கு நோயில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அந்த நிரூபணத்துக்குக் குலை முற்றி, எடை வரை போக வேண்டும் என்பது தெரியாது. அவருடைய பிழையை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். சோம்பலால் வந்த பிழை இல்லை, வஞ்சத்தால் வந்ததும் இல்லை. அந்தத் தோட்டத்தில் நன்றாக நின்ற வாழைகள் அவை மட்டும்தான். நோய் அவற்றைத் தீண்டியிருந்தால், மஞ்சளாகிக் குலை சிறுத்து நின்றிருந்தால், கத்தியும் தீண்டியிருக்காது. பிழைத்ததனால் வெட்டுப்பட்டன.

சித்தி இயக்குநரை நோக்கிப் போனார். விருந்தினரின் பக்கத்தில் நின்ற அவர், சிரிப்பைக் கலைக்காமலே, இப்போது வேண்டாம் என்று கையைக் காட்டினார். சித்தி திரும்பி வந்தார். சேட்டனைத் தோட்டத்துக் குழாயடிக்கு அழைத்துப் போய், மருந்துநீரில் கால்களையும் கத்தியையும் கழுவ வைத்தார். வெட்டிக் கொண்டுவந்த பாதை நெடுகிலும் அதே மருந்தைத் தெளித்தார். பட்டுப்புடவைகளுக்கும் வெள்ளை வேட்டிகளுக்கும் நடுவே, வாளியும் கையுமாக அவர் குனிந்து நடந்ததைப் பலர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் என்னிடம், "ஆரா அது? பணிக்காரியா?" என்று கேட்டார். அதற்குள் விழா முடிந்துவிட்டது. வளைவின் குலைகளை வழக்கப்படி வெட்டிப் பங்கு வைத்தார்கள். நல்ல குலைகள் விருந்தினரின் வண்டிக்குப் போயின. மற்றவை அவரவர் வண்டிக்கு. சித்தி ஓடிப்போய்க் கேட்டு வாங்கியது சில வெறும் தண்டுகளையும், யாருக்கும் வேண்டாத ஒரு சிறு குலையையும்தான். அதை எடை போடவில்லை. முற்றாத குலையின் எடைக்குப் பொருள் கிடையாது.

மறுநாள் இயக்குநர் அறையில் நடந்ததைச் சித்தி வீட்டுக்கு வந்து சொன்னார். உணர்ச்சியே இல்லாமல், பாடம் ஒப்பிப்பது போல. மதிப்பாய்வுக் குழு விளைச்சல் எங்கே என்று கேட்கும். உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். நல்ல குலையாகப் பார்த்து வை என்று வாயால் சொன்ன ஆணைக்குச் சாட்சி கிடையாது. நோய் மண்ணுக்குள் கத்தியோடு போனவருக்குத்தான் சாட்சிகள் உண்டு. நிரந்தரப் பட்டியலிலிருந்து அவர் பெயர் போகும்; தினக்கூலியும் போகும். இயக்குநர் மேசையின் மேல் விரலால் தட்டிக்கொண்டே சொன்னாராம்: "ஒண்ணுகில் காற்று, அல்லெங்கில் அவன். மேடம் தன்னெ பறயூ." காற்றில் சாய்ந்துவிட்டது என்று சொல்லலாம், அல்லது அவர்தான் காரணம் என்று சொல்லலாம். தேர்வு சித்தியுடையது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"காத்துன்னு சொல்லிட்டேன்."

நான் கத்தினேன். அந்த வீட்டில் அவரை எதிர்த்து அவ்வளவு உரக்க நான் பேசியது அன்றுதான். "ஒரு ஆளோட வேலைக்காக எத்தனை விவசாயிங்க வயித்துல அடிக்கிறீங்க, தெரியுதா?"

"விவசாயிங்கன்னு நீ மேடையில சொல்ற கூட்டம் என் கண்ணுக்குத் தெரியலடி. அந்த மனுசன் தெரியுறாரு. கால் கழுவுறப்ப அழுதாரு."

"அப்ப நான் பேசுறேன். பத்திரிகைக்குப் போறேன். அந்த டைரக்டர் சொன்னதை அப்படியே சொல்றேன்."

"பேசு. ஜெயிப்ப. நல்லாக் கைதட்டுவாங்க. அந்தச் சேட்டன் மறுநாள் எங்க போய் நிப்பாருன்னு தட்டுன கையில ஒண்ணாவது கேக்குமா?"

கடைப்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா கரண்டியோடு உள்ளே வந்தார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அந்த டைரக்டரு சாரு வீட்லேர்ந்து இனி உப்பேரி கேட்டு ஆள் வரட்டும். எண்ணெயோட ஊத்தித் தரேன், கேட்டோ" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வாக்களிக்கப்பட்ட அந்த முதல் சட்டியைப் பற்றி அவர் பிறகு ஒருபோதும் பேசியதில்லை.

பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தை வெல்லவைக்கும் பயிற்சி உடையவள் நான். இந்த ஒரு வழக்கில் மட்டும் இன்றுவரை ஒரே பக்கத்தில் நிற்கிறேன். சித்தி செய்தது தவறு. கருணை அதன் காரணம் என்பதை ஏற்கிறேன்; அதனால் அது சரியாகிவிடாது. உண்மையைச் சொல்லிவிட்டு அந்த மனிதருக்காகப் போராடியிருக்கலாம். நான் போராடியிருப்பேன். தோற்றிருக்கலாம்தான். ஆனால் தோற்பதற்கு முன்பே பொய்யின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வதை நான் மன்னிக்கவில்லை. அந்தப் பொய்யைப் பரிசுத் தட்டில் வைத்து நீட்டிய இயக்குநரை மன்னிக்கும் பேச்சே இல்லை.

குழு கூடியது. கேட்டது. சாய்ந்த மரங்கள் எத்தனை? எல்லாம். பக்கத்திலிருந்த நேந்திரன்களும் சாய்ந்தனவா? இல்லை, நின்றன. நோயில் வாடி, வெடித்து, மஞ்சளாகி, சாகும் நிலையிலும் அவை நின்றன என்றால், சாய்ந்ததற்கு என்ன பொருள்? வந்திருந்தவர்கள் அறிவாளிகள், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொய்யிலிருந்து சரியான முடிவுக்கே வந்தார்கள். தண்டு வலுவற்ற ரகம். காற்றுக்கு நிற்காது. விவசாயிகளுக்குப் பரிந்துரைக்க இயலாது. இன்னொரு பருவம் கேட்டார் சித்தி. குணக்குறை தெரிந்த ரகத்துக்கு எதற்கு இன்னொரு பருவம் என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்லும் உரிமையைத்தான் முன்பே விட்டுக்கொடுத்திருந்தார். காட்டு வாழையின் மகரந்தமும், பல வருடத் தேடலும், நூலளவு விலகாத கத்தியும் சேர்ந்து உண்டாக்கிய ஓர் உயிர். மண் முழுக்க நஞ்சை வைத்துக் காத்திருந்த நோயைத் தாங்கிய உயிர். அது ஒரு வாக்கியத்தைத் தாங்கவில்லை. சொல்லின் வலிமையைப் பற்றி எனக்கு எத்தனையோ ஆசிரியர்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள். அதை நான் உண்மையில் அறிந்துகொண்டது அந்த அறைக்குள் நுழையாமலேதான்.

வாழை வெட்டினால் தழைக்கும் பயிர்தானே, கன்றுகள் இருந்திருக்குமே என்று கேட்கத் தோன்றும். இருந்தன. வெட்டிய அடிகளிலிருந்து கன்றுகள் கிளம்பி, வழக்கம்போல் நோயைப் பொருட்படுத்தாமல் நின்றன. நோய் மண்ணிலிருந்து எதுவும் வெளியேறக் கூடாது என்ற விதியைச் சித்தி தனக்காக ஒருநாளும் மீறவில்லை. இரண்டு கன்றுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று நான் சொன்னபோது, என்னை அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு திட்டம் முடிந்த நிலம் என்று அதை மூடினார்கள். கன்றுகளைத் தோண்டி எரித்தார்கள். குழாய்களில் இருந்தவை சில காலம் புதிய கட்டடத்தின் பின்வரிசை அடுக்கில் கிடந்தன. விற்பனைக்கான கன்றுகளுக்கு இடம் தேவைப்பட்டபோது, கைவிடப்பட்ட எல்லாவற்றையும் போல நீராவிக் கொப்பரையில் வைத்து வேகவைத்துக் கொட்டிவிட்டார்கள். அது அவருடைய கடைசி வாரத்தில் நடந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சாப்பிட மறுத்தார். அந்தக் கட்டடம் முழுக்க நேந்திரங்காய் அவித்த வாசனை அடித்தது என்று மட்டும் சொன்னார்.

வேறு நிலையங்களுக்கு விண்ணப்பித்தார். கடைசியாகச் செய்த வேலை என்ன என்று கேட்டார்கள். தோற்ற ரகம் ஒன்றை உருவாக்கியது என்று சொல்லும் நிலையில் இருந்தார். சில காலத்துக்குப் பிறகு விண்ணப்பிப்பதை நிறுத்திவிட்டார். இன்று எங்கள் கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பேரியும் வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டியும் நிறுத்துக் கொடுக்கிறார். கூட்டம் இல்லாத வேளைகளில் பழைய யூதத் தெருவான ஜூ டவுன் பார்க்க வந்து வழி தவறும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வழி சொல்கிறார். அவர்களில் ஒருவர்கூட இந்த அம்மாள் யார் என்று யோசித்திருக்க வாய்ப்பில்லை. காய் ஏற்றி வரும் லாரிக்காரர்கள், எந்தெந்தத் தோட்டத்தில் இந்த ஆண்டு வாட்டம் பிடித்திருக்கிறது என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பேச்சு நீள்கிறது. முன்பு பக்கத்து ஊர்களிலிருந்து வந்த காய்க்கு இப்போது சித்தப்பா மலை தாண்டிப் போகிறார். சித்தி அந்தப் பேச்சின்போது தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்து முடித்த தராசையே மறுபடியும் துடைப்பார்.

போன ஓணத்துக்கு முன்பு, கடையில் நானும் கைகொடுத்துக்கொண்டிருந்த ஒரு பகலில், தோட்டத்துச் சேட்டன் வந்தார். அவர் நிரந்தரமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. தலை நரைத்திருந்தது, உடம்பு நன்றாக இருந்தது. "டாக்டரே, சுகம் தன்னே?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "மோளுக்கு இப்பளும் பிரசங்கம் உண்டோ?" என்றார். சித்தி அவருக்குச் சாயா வரவழைத்தார். ஒவ்வோர் ஆண்டும் அவர் வருவதும், சித்தி சாயா வரவழைப்பதும் வழக்கமாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் உப்பேரிக்காகக் காத்திருந்த ஒருவர் வாழை வைத்திருக்கும் விவசாயி போலிருக்கிறது. இந்த ஆண்டு தன் தோட்டத்தில் பாதி வாடிவிட்டது, காய்க்கு என்ன விலை கிடைத்தாலும் தனக்குப் பயனில்லை என்று சித்தப்பாவிடம் புலம்பிக்கொண்டிருந்தார். வாட்டம் தாங்கும் கன்று எங்கேயாவது உண்டா என்று கேட்டார்.

சேட்டன் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு உண்டாயிருந்நு, கேட்டோ. ஈ டாக்டர் உண்டாக்கியது. ஞான் தன்னெ நோக்கி வளர்த்தியது. எத்ர சீக்குள்ள மண்ணில் வெச்சாலும் ஒண்ணும் ஆகில்ல. எந்து சந்தமுள்ள குல!" என்றவர், தலையை ஆட்டினார். "பக்ஷே எந்து செய்யான்? காற்றுக்கு நிக்கில்ல. ஒற்ற காற்றில் எல்லாம் போயி."

"காற்றுக்கு நிக்காத்த வாழ நமுக்கு எந்தினா?" என்றார் விவசாயி. காற்றுக்கு நிற்காத வாழை நமக்கு எதற்கு.

நான் சேட்டனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். எதிராளியின் கண்ணில் ஓடும் தடுமாற்றத்தைப் பிடிப்பது என் தொழில். அதில் ஒன்றும் இல்லை. வளைவு இல்லை, கத்தி இல்லை, குழாயடியில் அழுதது இல்லை. வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அவருக்குள் உண்மையிலேயே ஒரு காற்று அடித்து ஓய்ந்திருந்தது. தன் கையால் வளர்த்த வாழை சாய்ந்துபோன துக்கம் மட்டுமே அந்த முகத்தில் இருந்தது, கலப்பில்லாத துக்கம். அவர் சித்தியின் பக்கம் திரும்பி, ஆறுதல் சொல்லும் குரலில், "அல்லே டாக்டரே?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சித்தி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பொட்டலத்தின் வாயை மடித்து நூலைச் சுற்றிக்கொண்டே, அந்த விவசாயியிடம் சொன்னார்: "ஆமா. நல்ல வாழைதான். காத்துக்கு நிக்கல."

வாழைகள் வெட்டுப்பட்ட அந்த வாரம் முழுவதும் காற்றே இல்லை. விழா நாளில் பந்தல் துணிகூட அசையவில்லை. விருந்தினருக்கு இருவர் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடையில் நின்றவளுக்கு அது தெரியும். கடைசி வரிசை வரை என் குரல் அவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது அதனால்தான்.